வாக்கை எங்கே எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர், பாகிஸ்தானில் நடந்த கூத்தையெல்லாம் எடுத்துச் சொல்லி, இங்கே இலங்கையிலும் ஜனாதிபதி, பாராளுமன்றத் தேர்தல் வாக்குகளைப் பெட்டியில் தூக்கிச் செல்லாமல் வாக்களித்த இடத்திலேயே எண்ணிவிட்டால் ஒரு வம்பும் வராது என்று எழுதியிருந்தார். நான் முப்பது வருடமாகத் தேர்தல் கடமைக்குப் போய்வந்த ஓய்வுபெற்ற ஆசிரியன். அவர் சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பாகிஸ்தான். அங்கே சாவடியில்தான் எண்ணுகிறார்கள். எண்ணி முடித்ததும் கட்சி முகவர்களுக்கு அந்தச் சாவடியின் கணக்கை எழுதிய படிவம் 45 கொடுக்க வேண்டும். 2024 பெப்ரவரி 8 அன்று பாதுகாப்பு என்று காரணம் சொல்லி நாடு முழுவதும் கைத்தொலைபேசிச் சேவையை நிறுத்தினார்கள். முதல்நாள்தான் பலூசிஸ்தானில் குண்டுகள் வெடித்திருந்தன, அதனால் காரணம் பொய்யென்றும் சொல்ல முடியாது. ஆனால் முடிவுகள் இழுபட்டன. கையில் இருக்கும் 45க்கும் மேலே தொகுதிக்கு மொத்தமாகக் கூட்டிப் போட்ட படிவம் 47க்கும் பொருத்தமில்லை என்று இம்ரான் கான் கட்சிக்காரர் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே சாவடியில் எண்ணினால் மட்டும் போதாது. இந்தோனேசியாவிலும் சாவடியில்தான், ஊர்பார்க்க ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணுவார்கள். 2019இல் ஒரே நாளில் ஐந்து வாக்குச்சீட்டு. எண்ணி எண்ணிக் களைத்து, தேர்தல் பணியாளர்கள் 800 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கடமையில் சாப்பாட்டுப் பார்சல் பிந்தியது என்று நாங்கள் புறுபுறுக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். பெரிய தேர்தல்களில் பெட்டிகள் மாவட்ட எண்ணும் நிலையத்துக்குப் போகும். அங்கே பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுவார்கள், முடிவு தொகுதிவாரியாக வரும். உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும் வட்டாரத்துக்குள்ளேயே எண்ணுகிறோம். 2025 மே 6, ஓய்வுக்கு முன் என் கடைசிக் கடமை, கொழும்பில் ஒரு பாடசாலை. நாலு மணிக்குக் கதவைச் சாத்தி, மேசைகளை ஒன்று சேர்த்து, பெட்டியைக் கவிழ்த்தோம். மின்விசிறி போட்டால் சீட்டுப் பறக்கும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. எண்ணிக்கை பாதி தாண்டியபோது ஒரு முகவர், என் பழைய மாணவர் வயதுப் பொடியன், தன் கொப்பியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னான்: "அந்த மாடிவீட்டு ஆக்கள் எங்களுக்குப் போடவேயில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு எனக்குத் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து தந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாவடியைத் தனியாக எண்ணினால் அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்குப் போட்டார்கள் என்று இப்படித் தெரிந்துவிடும். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, எனக்கு வயது 18. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்கள் கையில் கடதாசிக் கட்டு இருந்தது. வாக்காளர் இடாப்பு. நாங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் குளியலறையில் நின்றோம். மதிலுக்கு அப்பால் ஒருவன் எங்கள் வீட்டுப் பெயர்களை வாசிப்பது கேட்டது. அப்பா, அம்மா, பெரியண்ணா, அப்பம்மா. அப்பம்மா செத்து இரண்டு வருடம். கிராம சேவகர் பெயரை வெட்ட மறந்திருந்தார். அவர் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். பிறகு வீடு எரிந்த மணம் வந்தது.

அந்த இடாப்பில் ஆட்களின் பெயர் மட்டும்தான் இருந்தது, யார் யாருக்குப் போட்டார் என்பது இல்லை. பாராளுமன்றத்தின் காலத்தை நீடிப்பதா என்று 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பில் விளக்கா (ஆம்) குடமா (இல்லை) என்று கேட்டார்களே, அப்பா குடத்துக்குப் புள்ளடி போட்டதைப் பத்து வருடம் கழித்துத்தான் எங்களிடமே சொன்னார்.

அடுத்த வீட்டு இந்தியாவையும் பாருங்கள். கடதாசிச் சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் விதி அங்கேயும் இருந்தது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடிக் கணக்கும் தனித்தனியாக வெளியே தெரிகிறது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2008இல் கேட்டது. அரசு இணங்கவில்லை. 2019 பிரசாரத்தில் மத்திய அமைச்சர் மேனகா காந்தி, எந்தக் கிராமம் எத்தனை சதவீதம் போட்டது என்று பார்த்து ஏ, பி, சி, டி எனத் தரம் பிரித்து வேலை செய்வோம் என்று மேடையிலேயே பேசினார். ஆணையம் கண்டித்தது. மேடையில் பேசாதவர்களை யார் கண்டிப்பது?

இன்னொன்று, கோபத்தோடுதான் எழுதுகிறேன். 2025 ஜூன் 16 அன்று கொழும்பு மாநகர சபையில் மேயரைத் தெரிவு செய்தபோது உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களித்தார்கள், 61க்கு 54. உறுப்பினருக்கு இரகசியம் வேண்டுமாம். சில நூறு வாக்கு மட்டும் உள்ள ஒரு தொடர்மாடிக்கோ ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கோ அது வேண்டாமா?

பெட்டி பயணம் போகும் வழியில் என்ன நடக்குமோ என்ற அந்த வாசகரின் பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. வாக்களிப்பு முடிந்ததும் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் வாக்குச்சீட்டுக் கணக்கு ஒன்று எழுதுகிறார்: எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தோம், எத்தனை மிச்சம், எத்தனை பழுது. அதைச் சாவடிவாரியாக அன்றிரவே எங்கள் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் போடட்டும். எண்ணும் நிலையத்தில் பெட்டியைத் திறந்ததும் அந்த எண்ணோடு ஒப்பிடட்டும், அதற்குப் பிறகு கலக்கட்டும். பெட்டிக்குள் ஒரு சீட்டு கூடினாலும் குறைந்தாலும் ஊருக்குத் தெரியும், எந்த ஒழுங்கை யாருக்குப் போட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது. உள்ளூராட்சித் தேர்தலிலும் சிறிய சாவடிகளின் பெட்டிகளைச் சேர்த்தே எண்ணுவது என்று சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6