மேஜை டிராயரில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. காலாண்டுத் தாள் திருத்துவதிலேயே நாள் ஓடிவிட்டது. நீ தலைமையாசிரியை ஆனதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வருஷம் என் ஆறாம் வகுப்பில் டைப் 1 சர்க்கரை நோயுள்ள ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். "இனிப்பா கொடுத்து வளத்தீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க டீச்சர்" என்று அவள் அம்மா அழுதுவிட்டார். இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. இன்சுலின் ஊசிதான் அவளுக்கு உயிர்.

பழைய பள்ளியில் மதிய ஊசியைக் கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள்வாளாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இங்கே என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டு நாள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பள்ளியில் பெரிய பயம் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடுவதுதான். போன வியாழக்கிழமை பி.டி. பீரியட் முடிந்து வந்தாள். அச்சு மாதிரி எழுதுகிறவள். அன்று எழுத்து கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போனது. மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை. கூப்பிட்டால் பார்க்கிறாள், பதில் இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். டிராயரில் இருந்த குளுக்கோஸில் 3 டீஸ்பூன் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிஷம் கழித்து 84. "மிஸ், கணக்கு நோட்டை எடுக்கவா?" என்றாள். எனக்குத்தான் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

உன் பள்ளியில் ஆயாம்மா வரை எல்லோருக்கும் இதைச் சொல்லி வை. அந்த நேரத்தில் சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். தலை சுற்றுகிறது என்றால் பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். தேர்வு அறைக்குள்ளும் இந்தப் பிள்ளைகளைச் சாப்பிட விட வேண்டும். சிபிஎஸ்இ 2017-லேயே பொதுத்தேர்வுக்கு அனுமதித்துவிட்டது. நம் மாதாந்திரத் தேர்வுக்கு என்ன தடை?

நவம்பர் 14 குழந்தைகள் தினம் மட்டுமில்லை, உலக நீரிழிவு தினமும் அன்றுதான். இன்சுலினைக் கண்டறிந்த பான்டிங்கின் பிறந்தநாள். அன்று காலை பிரேயரில் தானே பேசுவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். முடிந்தால் நீயும் வாயேன்.

உன்,
செல்வி