இந்த அறிக்கையை நம்பி மனை வாங்க முடியாது

அனுப்புநர்: செயலாளர், கட்டடக் குழு, கோயில் சபை, மெரிபேங்க், டர்பன், தென்னாப்பிரிக்கா
பெறுநர்: இயக்குநர், சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம், டர்பன்

பொருள்: பழைய பெட்ரோல் கராஜ் மனையின் மண், நிலத்தடி நீர் ஆய்வில் உள்ள குறைகள்

ஐயா,

வணக்கம். எங்கள் சபைக்குப் பழக்கமானவர் என்பதால் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் படியும் இணைத்திருக்கிறேன்.

கோயிலை ஒட்டிய, நாங்கள் வாங்க எண்ணியிருக்கும் கராஜ் (பெட்ரோல் நிலைய) மனையில் நீங்கள் செய்த ஆய்வின் அறிக்கை வந்து சேர்ந்தது. "எரிபொருள் மாசு காணப்படவில்லை" என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் குழுவில் பலர் மனையை வாங்கக் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார்கள். நான் பின்னிணைப்புகளையும் படித்தேன். ஓய்வு பெறும்வரை ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளோடு மல்லுக்கட்டியவன், பழக்கம் விடவில்லை. அங்கே இருப்பதற்கும் முதல் பக்கத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

முதலில் கண்காணிப்புக் கிணறு, அதாவது நிலத்தடி நீரைச் சோதிக்க இறக்கும் குழாய்த் துளை. உங்கள் குறிப்புப்படி நீர்மட்டம் 2.3 மீட்டர் ஆழத்தில். குழாயில் தண்ணீர் புகுவதற்கான கீறல்கள் தொடங்குவதோ 4 மீட்டரில். அதற்கு மேலே வெறும் குழாய், சுற்றிலும் தண்ணீர் புகாத பென்டோனைட் களிமண் அடைப்பு. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, நீர்மட்டத்தின் மேல்தான் மிதக்கும். அது உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு "மிதக்கும் எரிபொருள் இல்லை" என்று எழுதினால் எப்படி ஐயா? கீறல் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக அமைய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எங்களுடையது தாழ்ந்த நிலம் வேறு. கோடை மழையில் மட்டம் ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் எண்ணெய் மண்ணில் மேலும் கீழும் அப்பிக்கொண்டு பல ஆண்டுகள் கிடக்கும். அந்தப் படலத்திலிருந்து ஒரு பிடி மண்கூட நீங்கள் எடுக்கவில்லை.

தோண்டிய இரண்டு கிணறுகளும் சாலையோர மேட்டில். தொட்டிகள் புதைந்திருப்பது பின்பக்கம், கோயில் மதிலோரம். அங்கே கான்கிரீட் கனமாக இருந்ததால் விட்டுவிட்டோம் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். நீரோட்டத்தின் திசையைக் கணிக்கக் குறைந்தது மூன்று கிணறுகள் முக்கோணமாக வேண்டும். இரண்டை வைத்துக்கொண்டு, கோயிலுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு நீல அம்பு வரைந்திருக்கிறீர்கள். அம்பு அழகாகத்தான் இருக்கிறது.

மாதிரி எடுத்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். 40 மில்லி கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்தால் காற்றுக் குமிழி இருக்கவே கூடாது. பெட்ரோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருளான பென்சீன் அந்தக் காற்றுக்குள் போய்விடும். ஒரு குப்பியை நான் கவிழ்த்துப் பார்த்தேன், சுண்டைக்காய் அளவு குமிழி உருண்டது. சொன்னேன். மாதிரி எடுத்த உங்கள் பையன் சிரித்துவிட்டு, ஐஸ் இல்லாத பிளாஸ்டிக் கூடையில் வைத்து, வெயிலில் நின்ற பக்கி வண்டியின் (சிறு சரக்கு வண்டி) பின்னால் ஏற்றினான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஆய்வகத்துக்கு நீங்கள் அனுப்பிய படிவத்தைப் பொறுக்க முடியவில்லை. கேட்டிருப்பது சி10 முதல் சி40 வரையிலான கனமான எண்ணெய் மட்டும் (சி எண் என்பது மூலக்கூறில் உள்ள கார்பன் அணுக்களின் எண்ணிக்கை). அது டீசலுக்கான சோதனை. இங்கே தேட வேண்டியது பெட்ரோல். அதற்கு சி6 முதல் சி10 வரையும், பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் பார்க்க வேண்டும். ஆய்வகத்தின் மேல் குற்றமில்லை, கேட்டதைச் செய்திருக்கிறார்கள். நீர்வளத்தைக் காக்க மண்ணில் பென்சீனுக்கு 2014ஆம் ஆண்டு அரசு விதிமுறை வைத்த அளவு கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். அந்த அளவை உங்கள் அட்டவணையில் அச்சடித்துவிட்டு, எதிரே முடிவுக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் வெட்டு அடிக்கடி வருவதால் அந்த மனையில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் காவடி நாட்களில் பயன்படுத்துவதாக இருந்தோம். உங்கள் பேச்சை நம்பியிருந்தால் பக்தர்களுக்கு அதைத்தான் கொடுத்திருப்போம். 2001இல் பக்கத்து வெண்ட்வொர்த்தில் நிலத்தடிக் குழாயிலிருந்து பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் கசிந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

மாசடைந்த நிலத்தை விற்பவர் அதை வாங்குபவரிடம் தெரிவிக்காமல் கைமாற்றக் கூடாது என்று கழிவுச் சட்டம் சொல்கிறது. உங்கள் அறிக்கை விற்பவருக்கு நல்ல கேடயம். பணம் கட்டியது நாங்கள்.

எனவே தொட்டிக் குழியையும் கோயில் மதிலோரத்தையும் சேர்த்துக் குறைந்தது மூன்று கிணறுகளைச் சரியான ஆழத்தில் கீறல் வைத்து உங்கள் செலவில் அமைத்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து தாருங்கள். மாதிரி எடுக்கும்போது சபையின் ஆள் உடனிருப்பார். முடியாதென்றால் கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தாருங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இந்த இரண்டில் ஒன்றைக் கேட்க எங்களுக்கு உரிமை தருகிறது. எதுவானாலும் இப்போதைய அறிக்கையை எழுத்து மூலம் திரும்பப் பெற்று, விற்பவருக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும்.

இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் புகாரை நுகர்வோர் ஆணையத்துக்கும், அறிக்கையில் கையெழுத்திட்ட விஞ்ஞானியின் பதிவு மன்றத்துக்கும் அனுப்புவதென்று குழு முடிவு செய்துள்ளது. கிணற்றுத் துளைக் குறிப்பு, ஆய்வகப் படிவம், குப்பியின் புகைப்படம் மூன்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செயலாளர், கட்டடக் குழு