பெரியவள் இங்கே வந்தால் என்ன சாப்பிடுவாள்?

லைப்சிக், ஜெர்மனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு பெர்லினில் படிக்க இடம் கிடைத்ததைப் பற்றி நாலே வரி. அவள் பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டதைப் பற்றி இரண்டு பக்கம்! "எல்லாம் அவ சித்தியைப் பார்த்துக் கெட்டது" என்று அத்தான் சொல்கிறாராம். சொல்லட்டும். ஆனால் அவள் பட்டினி கிடப்பாளோ என்று நீ கவலைப்படவே வேண்டாம். வீகனாக, அதாவது கறி மட்டுமில்லாமல் பால், முட்டை, தேன் என்று உயிரினத்திலிருந்து வரும் எதையும் தொடாமல் இருக்க இந்த நாடு எவ்வளவோ சௌகரியம். எங்கெங்கே ஏமாறுவோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் கடை. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களில் எது கலந்திருந்தாலும் பாக்கெட்டில் அது தனித்துத் தெரிய வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம். பாலும் முட்டையும் அந்த 14-இல் உண்டு. பெரும்பாலும் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணை ஒரு ஓட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். நான் ஜெர்மன் பேசக் கற்பதற்கு முன்பே பாக்கெட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். செக்கச்செவேல் என்று பாப்ரிகா சிப்ஸ் இருக்கும். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு. இதில் பால் எங்கிருந்து வரும் என்று நினைப்பாய். பின்பக்கம் திருப்பினால் சிலவற்றில் மசாலாவோடு வே பவுடர் இருக்கும். சீஸ் செய்யும்போது வடிகிற நீரைக் காயவைத்த பொடி. "பால் சிறிதளவு கலந்திருக்கலாம்" என்று தனியாக எச்சரித்திருந்தால் அது வேறு. அதே இயந்திரத்தில் பால் சேர்ந்த பண்டமும் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். ஒவ்வாமை உள்ளவர்களுக்காகச் சொல்வது, நான் அதைச் சாப்பிடுவேன்.

ஜெலட்டினும் தேனும் அந்த 14-இல் இல்லை, அதனால் தடித்த எழுத்தில் வராது. பெரியவளுக்கு ஜவ்வு மிட்டாய் என்றால் உயிர் இல்லையா? இங்கே கரடி வடிவத்தில் விற்பதில் முக்கால்வாசி பன்றித்தோலில் எடுத்த ஜெலட்டின். ஈ120 என்று ஒரு சிவப்பு நிறம் உண்டு, அது பூச்சியிலிருந்து எடுப்பது. இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஓட்ஸ் பால், சோயா பால் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் டப்பாவில் 'பால்' என்று போட மாட்டார்கள், 'ஓட்ஸ் பானம்' என்றுதான் இருக்கும். மடியில் கறந்ததைத்தான் பால் என்று விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு. பானம் என்று பார்த்துவிட்டு ஏதோ ஜூஸ் என்று அவள் தாண்டிப் போய்விடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பல்கலைக்கழக உணவகம் இருக்கிறது, மென்சா என்பார்கள். பெர்லினில் முழுக்க வீகனாகவே நடக்கும் மென்சாவும் உண்டு. மற்றதிலும் பெரும்பாலும் ஒரு வீகன் சாப்பாடாவது இருக்கும். ரொட்டி பிரமாதம். கம்பு நிறத்தில் கனமாக, ரை என்கிற தானியத்தின் மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் புளிக்கவைத்துச் சுடுவது. ஹோட்டலில்தான் ஜாக்கிரதை வேண்டும். தெற்கே பவேரியா பக்கம் போனால் உருளைக்கிழங்கு சாலட் முட்டை சேர்ந்த மயோனைஸ் இல்லாமல், வினிகர் போட்டுப் பளபளவென்று வரும். பார்த்தால் பரம சாது. பல இடங்களில் அதை ஊறவைப்பதே மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றில். "கறி இல்லையே" என்பார் பரிமாறுகிறவர். அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

வெளியூர்ப் பயணத்துக்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு, இதை அவளிடம் கட்டாயம் சொல். வீகன் ஹோட்டலைத் தேடி அலையாதே, அந்த ஊர்க்காரர்கள் நோன்புக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன்னால் வாரக்கணக்கில் கறி, பால், முட்டை மூன்றையும் விடுகிறார்கள். நூற்றாண்டுகளாக அதற்கென்றே சமைத்த கை. எதையோ எடுத்துவிட்ட குறையே தெரியாது. ஜார்ஜியாவில் திபிலீசி போயிருந்தபோது, பொரித்த கத்தரிக்காய்க்குள் வால்நட்டும் பூண்டும் அரைத்த விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவிக் கொடுத்தார்கள். மண்சட்டியில் சிவப்பு பீன்ஸ், தொட்டுக்கொள்ள சோள ரொட்டி. அக்கா, நாக்குக்கு உறைப்பாக இப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று இருந்தது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்குப் புதனும் வெள்ளியும்கூட நோன்புதான். அவர்கள் ஹோட்டல் பெர்லினிலேயே இருக்கிறது. 'நோன்புத் தட்டு' என்று கேட்டால், நம் தோசை மாதிரி புளித்த இன்ஜெராவின் மேல் பருப்பும் கீரையும் குவித்துத் தருவார்கள். சும்மா பருப்பு என்று கேட்டால் வெண்ணெய் உருக்கி ஊற்றியிருக்கலாம்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கிரீஸில் தெசலோனிகியில் ஒரு சின்ன ஹோட்டல், நோன்பு மாதம். பாட்டி வயதில் ஒரு அம்மா, தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சையைக் கொண்டுவந்து வைத்தார். தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உள்ளே போய் என் கணக்கில் வராமல் இன்னொரு தட்டு எடுத்து வந்தார். பார்த்தால் சுட்ட ஆக்டோபஸ் கால், உறிஞ்சிகள் வரிசையாகத் தெரிய! ரத்தம் இல்லாத கடல் பிராணி நோன்புக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. இறாலும் அப்படித்தான். மார்பில் கை வைத்துத் தலையாட்டி எப்படியோ சமாளித்தேன், அப்படியும் பொட்டலம் கட்டித்தான் விட்டார்.

இத்தாலியில் கஷ்டமே இல்லை. பீட்சாவில் மரினாரா என்பது சீஸே இல்லாதது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். ஜெனோவாவில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்துப் பெரிய தாம்பாளத்தில் ஊற்றி அடுப்பில் சுடுகிறார்கள், ஃபரினாட்டா என்று பெயர். வேண்டுமானால் மிளகு தூவிக்கொள்ளலாம்.

உண்மையைச் சொன்னால் நம்மூர்ப் பயணம்தான் எனக்குச் சிரமம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், சரி, ஆனால் பாலுக்கு அங்கே தடை இல்லை. வீகனுக்குத் தனி முத்திரை 2022-இல் கொண்டுவந்தார்கள், கிராமத்துக் கடையில் அதைத் தேடினால் கிடைக்குமா? தோசைக்கு நெய் வேண்டாம் என்றால், காசுக்குப் பார்க்கிறேன் என்று நினைத்து இலவசமாக ஊற்றுகிறார்கள்!

அப்புறம், பெரியவள் வைட்டமின் பி12 மாத்திரையை விடவே கூடாது. செடிகொடியில் அது கிடைக்காது. இதில் மட்டும் நான் உன் கட்சி, திட்டியாவது விழுங்க வை.

விமான டிக்கெட் போடும்போது சாப்பாட்டை 'விஜிஎம்எல்' என்று கேட்கச் சொல், வீகன் சாப்பாட்டுக்கு விமானக்காரர்கள் வைத்த குறியீடு அது. 'ஏவிஎம்எல்' என்பது ஆசிய சைவம், பால் இருக்கும். இந்து உணவு என்று இருப்பதில் கறியே வரலாம், மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது, டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்காத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்தில்தான் ஏதாவது திறந்திருக்கும். தேதி தெரிந்ததும் எழுது. இங்கிருந்து பெர்லின் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான், நானே போய்க் கூட்டி வருகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை