கிளீவ்லாந்து ரசிகர்கள் யாரையும் கைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க விளையாட்டு நகரங்கள் பற்றி வந்த கட்டுரையில் எங்கள் கிளீவ்லாந்துக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதிலும் ஒரு வரி: "தொடர் தோல்விகளால் ரசிகர்கள் கைவிட்டதால், 1995 சீசனோடு பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்கு இடம் மாறியது." பிரவுன்ஸ் எங்கள் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து மனசு சரியில்லை. நான் 1979 முதல் இந்த ஊரில் இருக்கிறேன். உங்கள் பத்திரிகையை அதற்கும் முன்பிருந்தே படிக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

தொடர் தோல்வி என்று எதைச் சொல்கிறார் கட்டுரையாளர்? 1994 சீசனில் இந்த அணி 11 ஆட்டம் ஜெயித்து 5 ஆட்டம் தோற்றது. சீசனுக்குப் பின் நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் நியூ இங்கிலாந்தை 20-13 என்று வென்றது. அன்றைக்குப் பயிற்சியாளர் பில் பெலிசிக். பின்னாளில் அதே நியூ இங்கிலாந்துக்கு ஆறு சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிக் கோப்பை, வாங்கிக் கொடுத்தவர் என்பது தாங்கள் அறியாததல்ல. 1995-லும் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று வெற்றி. கான்சாஸ் சிட்டியை 35-17 என்று வென்ற அன்று அரங்கில் 70,000 பேருக்கு மேல் இருந்தோம். எட்டு ஆட்டம் முடிந்தபோது நாலு வெற்றி, நாலு தோல்வி.

நவம்பர் 5-ஆம் தேதி ஹூஸ்டனிடம் 37-10 என்று தோற்றபோது அணி இடம் மாறப்போகிற சேதி ஏற்கெனவே ஊர் முழுக்கக் கசிந்திருந்தது. மறுநாளே உரிமையாளர் ஆர்ட் மோடல் பால்டிமோரில் மேடையேறி, அணியை அங்கே கொண்டுபோவதாக அறிவித்தார். மிச்சமிருந்த ஏழு ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தார்கள். கடைசிக் கணக்கு 5-11. அறிவிப்பு முதலில் வந்தது, தோல்விகள் பெரும்பாலும் பிறகு வந்தன. உங்கள் கட்டுரையில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

அறிவிப்புக்கு அடுத்த நாள், நவம்பர் 7, இங்கே வாக்கெடுப்பு. பழைய அரங்கைப் புதுப்பிக்க சிகரெட், மது மீதான வரியை நீட்டிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். அணி போகிறது என்று தெரிந்த பிறகும், பத்துப் பேரில் ஏழு பேர் சரி என்று வாக்களித்தார்கள். காலை ஷிஃப்டுக்குப் போகும் முன் வரிசையில் நின்று நானும் வாக்களித்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா அழுதுகொண்டிருந்தார். ஐயா, இந்த ஜனங்களையா 'கைவிட்டவர்கள்' என்று அச்சடிப்பது?

மோடலுக்குப் பணக்கஷ்டம் இருந்தது உண்மைதான், அதை மறைக்கவில்லை. அரங்கை நிர்வகித்தது அவருடைய நிறுவனம். அதே அரங்கில் ஆடிய பேஸ்பால் அணி 1994-ல் புது மைதானத்துக்குப் போனதும் அந்த வருமானம் நின்றுபோனது. மேரிலாந்து மாநிலமோ புது அரங்கமும் கட்டித்தந்து, 30 வருஷம் வாடகையும் வேண்டாம் என்றது. ஆனால் சீசன் முடியும்வரை அரங்கு பற்றிப் பேச வேண்டாம் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னவரும் அவர்தான். பேசாமல் இருந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

என்னை முதன்முதலில் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனவர் ஆலையில் எனக்கு மேஸ்திரியாக இருந்த ஒரு போலந்து வம்சாவளிப் பெரியவர். 1981 ஜனவரி 4, ஓக்லண்டுடன் பிளேஆஃப். ஏரிக்காற்றில் கை விரல் விறைத்துப்போகும் குளிர். தூண் மறைக்கிற மலிவு டிக்கெட். ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) உதைத்திருந்தால் ஜெயித்திருப்போம். பந்தை வீசினார்கள், எதிராளி பிடித்துவிட்டான். 14-12. பெரியவர் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். 1963-ல் அணியின் முதல் பயிற்சியாளர் பால் பிரவுனை மோடல் வேலையை விட்டு அனுப்பியதை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. அணிக்குப் பெயர் வந்ததே அந்த மனிதரால்தான் என்பார்.

1995 டிசம்பர் 17, கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு என் மகளைக் கூட்டிப்போனேன். விளம்பரப் பலகைகளெல்லாம் மறைக்கப்பட்டிருந்தன. 55,000 பேர் வந்திருந்தோம். நாய் முகமூடி போட்டுக்கொண்டு குரைப்பார்களே, அந்த டாக் பவுண்ட் பக்கம் ரம்பத்தால் இருக்கைகளை அறுத்து மைதானத்தில் எறிந்தார்கள். கடைசிக் கால்பகுதியில் ஆட்டத்தை மறுமுனைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சின்சினாட்டியை 26-10 என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்டக்காரர் எர்னஸ்ட் பைனர் அந்தக் கூட்டத்திடம் போய் ஒவ்வொரு கையாகப் பிடித்தார். 1988 ஜனவரியில் டென்வரில் கோல் கோட்டருகே பந்தைத் தவறவிட்ட அதே பைனர். அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா, ஜெயிச்சுட்டோமே, ஏன் அழறாங்க என்று கேட்டாள் மகள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எழுதத் தொடங்கிவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திக்கு மேலே நீங்கள் போட்ட படத்தில் இருப்பது ஊதா நிறப் பறவைச் சின்னம் போட்ட கறுப்புத் தலைக்கவசம். அது பால்டிமோர் ரேவன்ஸ், இங்கிருந்து போன அணிக்கு அங்கே வைத்த பெயர். பிரவுன்ஸ் தலைக்கவசத்தில் சின்னமே கிடையாது, வெறும் ஆரஞ்சு. எங்களிடமிருந்து போனவர்களின் படத்தை எங்கள் பெயருக்கு மேலே போட்டிருக்கிறீர்கள். சில வருஷங்களுக்கு முன் இந்த ஆட்டத்தை ரக்பி என்று எழுதினீர்கள். அப்போது போட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஊரைப் பற்றி எப்போது எழுதினாலும் 1969-ல் தீப்பிடித்த குயஹோகா ஆறு. இல்லையென்றால் ஈஸ்டர் சமயத்தில் தியாகராஜ ஆராதனைக்கு வந்த வித்வான்களின் புகைப்படங்கள். ஆராதனை நடப்பதில் எனக்கும் பெருமைதான், 1978-லிருந்து நடக்கிறது. ஆனால் அந்தப் புகைப்படங்களுக்கு வெளியே இங்கே ஓர் ஊர் இருக்கிறது.

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் இல்லை. 1996 பிப்ரவரியில் தேசியக் கால்பந்து லீக்குடன் (NFL) ஊர் செய்துகொண்ட உடன்பாட்டில் அணியின் பெயர், நிறம், சாதனைக் கணக்கு எல்லாம் கிளீவ்லாந்துக்கே சொந்தம் என்று ஆனது. மூன்று வருஷம் அணியே இல்லாமல் காத்திருந்தோம். 1999-ல் பிரவுன்ஸ் திரும்பி வந்தது. 2001 ஜனவரியில் ரேவன்ஸ் 34-7 என்று சூப்பர் பவுல் ஜெயித்ததைத் தொலைக்காட்சியில் பாதிவரை பார்த்துவிட்டு அணைத்தேன். அந்த அணியை உருவாக்கிய ஓஸி நியூசம் எங்கள் பழைய ஆட்டக்காரர். பால்டிமோர் மக்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1984-ல் அவர்களுடைய கோல்ட்ஸ் அணியை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அந்த வலி அவர்களுக்கும் தெரியும்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு வரித் திருத்தம்தான். ரசிகர்கள் கைவிடவில்லை என்று ஒரு வரி, படம் தவறு என்று ஒரு வரி. இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடமில்லையென்றால் வருத்தமில்லை. திருத்தம் வரும் இதழில் இரண்டு பிரதி எனக்கு அனுப்பினால், ஒன்றை மகளுக்கு அனுப்புவேன். அவள் இப்போது பால்டிமோரில் இருக்கிறாள்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
பார்மா, ஓஹையோ