மனையில் விழும் மழையை மனையிலேயே தாங்கிக்கொள்ள விதி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் நலச்சங்கம்,
மேடவாக்கம், சென்னை.

பெறுநர்
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
எழும்பூர், சென்னை 600 008.

பொருள்: பெரிய கட்டட வளாகங்களில் மழைத் தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணில் இறங்கவிடும் தாழ்வான தோட்டம்), நீர் இறங்கும் தளம் ஆகியவற்றைப் பணிநிறைவுச் சான்றிதழுக்கான கட்டாய நிபந்தனையாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் வளாகம் ஒரு ஏக்கர் பரப்புடையது. இங்கிருந்து வெளியேறும் மழைநீர் தெருவழியே ஓடிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் வழியாகக் கடலை நோக்கிச் செல்ல வேண்டும். தென்சென்னையின் எண்ணற்ற ஏரிகளின் உபரிநீரும் இதே வழியைத்தான் நம்பியிருக்கிறது. முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் அந்த நீர் வடியாமல் நிற்பதை நாங்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கிறோம். ஆகவே வடிகாலை எவ்வளவு அகலமாக்கினாலும், மேலே உள்ள மனைகளிலிருந்து நீர் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும்வரை தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்கு விடிவில்லை என்பதே எங்கள் அனுபவம்.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரிகளில் கணக்கிட்டால் 16 லாரிக்கும் அதிகம். எங்கள் வளாகத்தில் மொட்டை மாடியும் சுற்றிலும் பதித்த பேவர் பிளாக்கும் போக வெறும் மண் என்று சொல்லிக்கொள்ள இடமே இருந்ததில்லை என்பதால், இதில் பெரும்பகுதி அரைமணி நேரத்தில் தெருவில் இறங்கிவிடும். கோடையில் அதே நீரை நாங்கள் லாரிக்குப் பணம் கொடுத்து வாங்குகிறோம். 2019ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்ததை இந்நகரில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதை நாங்கள் பெருமையோடு நினைக்கிறோம். ஆனால் விதியில் இருப்பது தரையில் இல்லை. எங்கள் வரைபடத்தில் காட்டப்பட்ட உறிஞ்சு குழிகள் உண்மையிலேயே கட்டப்பட்டிருந்தன. அவற்றின் மூடிகளோ சுற்றியுள்ள தளத்தைவிட நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தன. தளத்தின் சரிவும் வாயிற்கதவை நோக்கியே அமைக்கப்பட்டிருந்தது. நீர் குழிக்குள் போவதற்கு வழியே இல்லை. குடியேறிப் பல ஆண்டுகள் கழித்து மூடியைத் திறந்தபோதுதான் இதை அறிந்தோம். ஆய்வின்போது குழி இருக்கிறதா என்று பார்த்த கண்கள், நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்திருந்தால் போதும்.

அதன்பின் குடியிருப்போர் பணம் சேர்த்து, கிழக்குச் சுற்றுச்சுவரை ஒட்டிய பேவர் பிளாக்கைப் பெயர்த்தெடுத்து, தளத்தைவிட முக்கால் அடி தாழ்வாக ஒரு நீண்ட மழைத் தோட்டம் அமைத்தோம். எங்கள் பகுதி களிமண் ஆதலால் நீர் எளிதில் கீழே இறங்காது. எனவே மேலே மணல் கலந்த மண்ணும் அடியில் ஜல்லியும் இட்டு, ஜல்லிப் படுகையில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்தோம். மண்ணில் இறங்கியது போக எஞ்சிய நீர் அந்தக் குழாய் வழியாக மெல்லக் கசிந்து உறை கிணற்றை அடைகிறது. தெருவுக்குப் போவது அதற்கும் மேற்பட்ட மிகைநீர் மட்டுமே. வெட்டிவேரும் கல்வாழையும் வைத்தோம். வெட்டிவேர் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும். கொசு பெருகும் என்று அஞ்சியவர்கள் எங்களிடையே பலர் இருந்தனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கொசுப்புழு முழு வளர்ச்சியடைய ஒரு வாரம் அளவுக்கு நீர் தேங்க வேண்டும். முறையாக அமைத்த தோட்டத்தில் இரண்டு நாட்களுக்குள் நீர் வடிந்துவிடும்.

2015 திசம்பரில் பெய்ததைப் போன்ற பெருமழையை இத்தகைய அமைப்புகள் தடுத்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. அத்தகைய நாளில் அவை நிரம்பி வழியும். ஆண்டுதோறும் பலமுறை பெய்து, முழங்கால் அளவு நீரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வைக்கும் சாதாரண மழையையே இங்கு குறிப்பிடுகிறோம்.

ஆகவே, 15,000 சதுர அடிக்கு மேற்பட்ட புதிய வளாகங்கள் யாவும் ஒவ்வொரு மழையிலும் முதல் 5 செ.மீ. நீரைத் தம் எல்லைக்குள்ளேயே தாங்கிக்கொள்ள வேண்டும் என்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் திருத்தம் செய்ய அரசுக்குப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இதே பரப்பளவிற்கு மேல் நிலத்தைக் கிளறிக் கட்டுவோர் முதல் ஒன்றரை அங்குல மழைக்கு மனையிலேயே வழி செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. இங்கும் அது இயலாத காரியமன்று: கால் ஏக்கர் வாகனப் பாதையில் இடைவெளியுள்ள கற்களைப் பதித்து, அடியில் ஓரடி ஆழத்திற்கு ஒரே அளவு ஜல்லியை நிரப்பினால், ஜல்லிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமே சுமார் 1 இலட்சம் லிட்டரைத் தாங்கும். எஞ்சியதை மழைத் தோட்டமும் மாடிநீர்த் தொட்டியும் ஏற்கும். கடற்கரையோர மணற்பாங்கான திருவான்மியூருக்கும் களிமண்ணான எங்கள் பகுதிக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது என்பதால், மண் பரிசோதனையின் அடிப்படையிலேயே வடிவமைப்பு ஏற்கப்பட வேண்டும்.

பணிநிறைவுச் சான்றிதழுக்கான ஆய்வின்போது, தளத்தில் நீரைக் கொட்டி அது எங்கே செல்கிறது என்று நேரில் பார்த்த பின்னரே சான்று வழங்குமாறும், திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களில் அமையும் பூங்காக்களைச் சாலை மட்டத்திற்குக் கீழே அமைக்குமாறும் வேண்டுகிறோம். பெருநகர சென்னை மாநகராட்சி அமைத்துவரும், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சித் தேக்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்கள் இதற்கு நல்ல முன்னுதாரணம். எங்களைப் போன்ற பழைய வளாகங்கள் பேவர் பிளாக்கைப் பெயர்க்கும்போது தீயணைப்பு ஊர்திக்கான பாதை எவ்வளவு அகலம், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கும் வழிகாட்டி ஒன்றைத் தமிழில் வெளியிட்டால், தயங்கி நிற்கும் பல சங்கங்கள் முன்வரும். சென்னைப் பெருநகரின் வளர்ச்சிக்கெனத் தயாரிப்பிலுள்ள மூன்றாவது முழுமைத் திட்டத்திலும் இக்கோரிக்கைகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் அலுவலர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறையும், நல்ல மழை பெய்யும் நாளில் ஒருமுறையும் எங்கள் வளாகத்திற்கு வந்து பார்வையிடுமாறு அன்புடன் அழைக்கிறோம். உறிஞ்சு குழிகளின் பழைய நிலையைக் காட்டும் படங்களையும் மழைத் தோட்டத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

நன்றி.

இடம்: மேடவாக்கம்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
(சங்க உறுப்பினர்கள் அனைவரின் சார்பாக)