புகைக்காதவன் நெஞ்சு

அன்புள்ள மகனுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "ஆபீஸில் புகைக்கும் அறையை மூடப்போகிறார்களாம். மூடி என்னப்பா ஆகப்போகிறது? பிடிக்கிறவன் வெளியே போய்ப் பிடிக்கத்தான் போகிறான்" என்றாய். சரி, வெளியே போய்ப் பிடிக்கட்டும். எனக்குக் கவலை உன்னைப் பற்றித்தான். சிகரெட்டைத் தொடாமல், பேச்சுத் துணைக்காக தினமும் அந்த அறையில் போய் உட்காருகிறாயே.

இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று மருத்துவர் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றேன். "பக்கத்தில் யாராவது?" என்றார். இருபத்திரண்டு வருஷம், என் பக்கத்து மேசை, எதிர் மேசை எல்லாமே புகைதான். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் பாக்கியம். அந்தப் புகையால்தான் எனக்கு அடைப்பு வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்குச் சர்க்கரையும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்று ஒரு சின்ன ஊர். 2002 ஜூனில் பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகைக்கத் தடை வந்தது. ஆறே மாதத்தில் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மற்ற வருஷங்களில் அதே ஆறு மாதத்தில் சராசரியாக 40 பேர் மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தடை இருந்தபோது 24 பேர். தடை போனதும் எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது.

சின்ன ஊர்க் கணக்கை மட்டும் வைத்து நான் நம்பியிருக்க மாட்டேன். என்னை உலுக்கியது ஸ்காட்லாந்து. அங்கே 2006 மார்ச்சில் தடை வந்தது. ஒன்பது ஆஸ்பத்திரிகளில், தடைக்கு முன் பத்து மாதம், பின் பத்து மாதம் எண்ணிப் பார்த்தார்கள். மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்போடு வந்தவர்கள் 3,235-இலிருந்து 2,684 ஆகக் குறைந்திருந்தார்கள். 17 சதவீதம். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள். உன்னைப் போல, என்னைப் போல. இங்கிலாந்தில் 2007 தடைக்குப் பின் மாரடைப்போடு வந்தவர்கள் 2.4 சதவீதம்தான் குறைந்தார்கள், ஏனென்றால் பல வேலையிடங்களில் புகை முன்பே நின்றிருந்தது. அதுவே முதல் வருஷத்தில் சுமார் 1,200 பேர்.

"நான் இழுப்பது கொஞ்சம்தானே" என்பாய். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் அடுத்தவர் புகையில் இருந்தாலே, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். ரத்தக் குழாயின் உள்சுவர், விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. மற்றவர் புகையிலேயே வாழ்பவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் அதிகம். பிடிக்கிறவன் இழுப்பதில் மிகச் சிறு பங்குதான் அவர் இழுப்பது. ஆபத்து மட்டும் அவ்வளவு சிறிதாக இல்லை. அறையில் மின்விசிறி வைத்தாலும், காற்றுப்போக்கி மாட்டினாலும் இது தீராது. தடை போட்ட கொஞ்ச நாளிலேயே பலன் தெரிவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: புகை நின்றால், ரத்தம் உறையும் அந்த அவசரமும் தணிகிறது.

அந்த அறை மூடும்வரை காத்திருக்காதே கண்ணா. நண்பர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்கள் பிடித்து முடித்து வந்ததும் பேசு. கொலஸ்ட்ரால் பரிசோதனையை மூன்று மாதமாகத் தள்ளிப்போடுகிறாய். இந்த வாரம் எடுத்துவிட்டு ரிசல்ட்டை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா