மந்திரம் ரத்தத்தில் ஓடுமா?

அயனாவரம், சென்னை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். அம்மாவும் படித்தாள். பழவேற்காட்டு ஏரி வரும் பக்கங்களை எனக்கு வாய்விட்டுப் படித்தும் காட்டினாள். காற்றைக் கூப்பிடும் அந்தக் குடும்பமும், கரையில் நின்றபடியே படகைத் திருப்பிவிடும் பாட்டியும் மனதில் நிற்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "இவர்களுடைய சக்திக்கு மரபணுதான் காரணம் என்று வைத்தால் நம்பும்படி இருக்குமா அப்பா?" போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க பிளட் பேங்கில் ரத்தத்தோடு பழகியவன் நான். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

யாருக்குச் சக்தி வரும், யாருக்கு வராது என்ற கணக்கை மரபணு நன்றாகவே போட்டுக் கொடுக்கும். ஆனால் நீ அதைக் கதைக்குள் கொண்டுவரும் விதத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

நீ பள்ளியில் படிக்கும்போது தூங்காமல் படித்த ஹாரி பாட்டரையே எடுத்துக்கொள். 2005-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு கடிதம் எழுதினார்கள். மந்திரத் திறமை ஒரு ஒடுங்கு பண்பு, இதை வைத்துக் குழந்தைகளுக்கு மரபியல் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர்கள் யோசனை. ஒடுங்கு பண்பு என்றால் அதற்கான மரபணுவின் பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும். ஹாரியின் தோழியான மந்திரக்காரி ஹெர்மயனியின் பெற்றோர் இருவரும் சாதாரணப் பல் மருத்துவர்கள். இருவரிடமும் ஒவ்வொரு பிரதி மறைந்திருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் மந்திரவாதிக் குழந்தை பிறக்கும். மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்து 1866-ல் அச்சிட்ட அதே கணக்குதான். சில வாரங்களிலேயே அதே இதழில் வேறு ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள், இவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடக் கூடாது என்று.

மறுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஒடுங்கு பண்பு என்றால் மந்திரவாதிகள் இருவர் மணந்தால் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் மந்திரவாதிகளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதையில் 'ஸ்க்விப்' என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் வராதவர்கள்? பள்ளிக்கூடத்தைக் காவல் காக்கும் ஃபில்ச் அப்படிப்பட்டவர்தானே. ஒடுங்கு பண்பு அவரிடம் வந்து முட்டிக்கொள்கிறது. கதையை எழுதிய ரௌலிங்கே மந்திரத்தை ஓங்கு பண்பு என்றுதான் சொல்லியிருக்கிறார். சாதாரணக் குடும்பத்தில் பிறக்கும் மந்திரவாதிகளின் வம்சத்தில் எங்கோ ஒரு மந்திரவாதி இருந்திருப்பார், அந்த மரபணு எதிர்பாராத இடத்தில் தலைகாட்டுகிறது என்றும் சொன்னார். சரி, ஓங்கு பண்பு என்றால் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிய வேண்டுமே. பல தலைமுறை எப்படி மறைந்திருக்கும்?

இதற்கு என் மேஜையிலேயே பதில் இருந்தது, பாப்பா. பம்பாய் குரூப் என்று நான் அடிக்கடி சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா?

ஒரு நோயாளியின் ரத்தத்தை குரூப் பார்ப்போம். ஏ இருக்கிறதா என்று காட்டும் ஆன்டி-ஏ மருந்தைப் போட்டால் ரத்தம் கட்டி தட்டாது, பி-யைக் காட்டும் ஆன்டி-பி போட்டாலும் தட்டாது. சரி, ஓ குரூப் என்று எழுதி, ஓ ரத்தப் பையை எடுத்து கிராஸ் மேட்ச் செய்தால், அதாவது நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தால், ஒத்துவராது. அடுத்த பையும் ஒத்துவராது. ஸ்டாக்கில் இருக்கிற எந்த ஓ-வும் ஒத்துவராது. அப்போதுதான் சந்தேகம் வரும். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் வேலை பார்த்தவர்களும் முதலில் கண்டு சொன்ன வகை இது. நம் நாட்டில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும்.

இவர்களிடம் ஏ மரபணுவோ பி மரபணுவோ இருக்கலாம், பழுதில்லாமலும் இருக்கலாம். ஆனால் சிவப்பணுவின் மேல் இருக்கும் ஏ, பி அடையாளங்கள் இரண்டும் ஹெச் என்ற பொருளின் மேல்தான் உருவாக முடியும். அந்த ஹெச்-ஐச் செய்யும் மரபணு வேறொன்று. அதன் இரண்டு பிரதியும் பழுதானால் ஹெச் இருக்காது. சுவர் இருந்தால்தானே சித்திரம்? வரையத் தெரிந்த கை இருந்தும் வரைய இடம் இல்லாமல் போகிறது. பார்க்கிறவர்களுக்கு ஓ மாதிரிதான் தெரியும். அதே மனிதர், ஹெச் உள்ள ஓ குரூப் துணையை மணந்தால், இவரிடம் மறைந்திருந்த பி குழந்தையிடம் வெளியே வரலாம். ஓ என்று நினைத்த இருவருக்கு பி குழந்தை! இந்த விஷயம் புரியாமல் எத்தனை வீடுகளில் அம்மாக்களைச் சந்தேகப்பட்டிருப்பார்களோ என்று நினைத்து வருந்தியிருக்கிறேன்.

இப்போது இதை மந்திரத்துக்குப் போட்டுப் பார். மந்திர மரபணு ஓங்கு பண்பு, ஆனால் அது வேலை செய்ய இரண்டாவது மரபணு ஒன்று வேண்டும். அந்த இரண்டாவது பழுதானவர்தான் ஸ்க்விப். மந்திரம் அவரை விட்டுப் போகவில்லை, வெளியே வர வழியில்லாமல் இருக்கிறது. அவர் சாதாரண உலகத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டால், துணையிடமிருந்து நல்ல இரண்டாவது மரபணு வந்து சேரும், குழந்தை மந்திரவாதியாகலாம். மந்திர மரபணுவை ஒரு பிரதியாக வைத்திருந்தால் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேருக்கு வராது. ஹாரியின் அம்மாவுக்கு மந்திரம் உண்டு, பெரியம்மாவுக்கு இல்லை என்பதற்கும் இது பொருந்துகிறது. ஸ்க்விப், சாதாரணக் குடும்பத்து மந்திரவாதி என்ற இரண்டு முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்கின்றன. எனக்கு இதைவிடத் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

உன் கதையில் பாட்டி படகையே திருப்புகிறாள், கடைசிப் பேரனால் விளக்கை மட்டும்தான் அணைக்க முடிகிறது. இந்தக் கூடுதல் குறைவுக்கு ஒரே மரபணு போதாது. உயரத்தைப் பார். 2022-ல் ஏறக்குறைய 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை ஆராய்ந்ததில், உயரத்தோடு தொடர்புள்ள இடங்கள் 12,000-க்கும் மேல் தெரியவந்தன. சாப்பாடும் நோயும் வேறு சேர்ந்துகொள்கின்றன. உன் குடும்பத்திலும் சக்தி உண்டா இல்லையா என்பது ஓரிரு மரபணுவின் வேலையாகவும், எவ்வளவு என்பது நூற்றுக்கணக்கான மரபணுக்களும் பயிற்சியும் சேர்ந்து முடிவு செய்வதாகவும் இருக்கட்டும்.

காற்று எப்படி அசைகிறது என்று கேட்டால் மரபணுவிடம் பதில் இல்லை. மரபணு புரதம் செய்யத்தான் சொல்லித்தரும். தென் அமெரிக்க ஆறுகளில் இருக்கும் மின்சார விலாங்கு 860 வோல்ட் வரை பாய்ச்சுவதை அளந்திருக்கிறார்கள். தசை செல்களே மாறி அந்த மின் உறுப்பு ஆனது. முதன்முதலில் அதைத் தொட்டவனுக்கு அது மந்திரமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த மின்சாரத்துக்கு விலாங்கு தின்ற மீன்தான் மூலம். உன் பாட்டி படகைத் திருப்பிய பிறகு பசியில் துவண்டு விழட்டும். அது ஒன்று போதும், வாசகர் நம்பிவிடுவார். இதற்கு மேல் அறிவியல் விளக்கம் வேண்டாம்.

இப்போது என் கவலை. இரண்டாம் அத்தியாயத்தில் பெரியவர் சொல்கிறார்: "அது எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. வெளியாட்களுக்கு வராது." இந்த வரியைக் கதையும் ஏற்றுக்கொண்டே நகர்கிறது. யாரும் அவரை மறுக்கவில்லை.

அந்தப் பெரியவருக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். ரத்தத்தைச் சிவப்பாக்குவது சிவப்பணு. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, மரபணுவும் கிடையாது. ஏறக்குறைய 120 நாள் ஓடிவிட்டு அழிந்துபோகும். வம்சப் பெருமை பேசுகிறவர்கள் காட்டும் அந்தச் சிவப்பில் வம்சத்தைப் பற்றி எந்தக் குறிப்பும் எழுதியிருக்காது. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு ரத்தம் ஏற்றும்போது நாங்கள் பார்த்ததெல்லாம் குரூப் ஒத்துவருகிறதா, நோய்க்கிருமி இருக்கிறதா என்பதைத்தான். எங்கள் ஃபிரிட்ஜில் எல்லாத் தெருக்காரர்களின் பையும் ஒரே தட்டில் இருந்தது. சாதி கேட்டு ரத்தம் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

தங்கள் ரத்தம் தூய்மை என்பவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் யோசி. நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் உனக்குத் தெரியும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு, குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பம்பாய் குரூப்பும் சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம்தான் வர வாய்ப்பு அதிகம். அதாவது உன் காற்றுக் குடும்பம் வெளியே பெண் எடுக்காமல் இருக்க இருக்க, சக்தி வெளிவராத பிள்ளைகள்தான் கூடுவார்கள். ரௌலிங்கின் கதையிலும் தூய ரத்தம் பேசும் வில்லன் வால்டமோர்ட்டுக்கு அப்பா சாதாரண மனிதர்தான். சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர்கள் மந்திரத்தைத் திருடிவிட்டார்கள் என்று அரசாங்கமே விசாரிக்கும் பகுதியை நீ அழுதுகொண்டே படித்தாய். அந்த அழுகையை உன் கதையிலும் எதிர்பார்க்கிறேன்.

நம் கதைகளில் சக்தி எப்படி வந்தது என்று பார். இடிம்பியிடமிருந்து மாயை கடோத்கசனுக்கு வந்தது, அது பிறப்பால் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே வீட்டில் அபிமன்யு வியூகத்துக்குள் நுழையும் வித்தையை வயிற்றில் இருந்தபோதே காதால் கேட்டுக் கற்றான். திருவொற்றியூரில் கடலைப் பார்த்து அடங்கியிருக்கும் பட்டினத்தார் வணிகர், அவருக்குச் சீடரான பத்திரகிரியார் அரசர். ஞானம் வணிகரிடமிருந்து அரசருக்குப் போனது. இறைச்சியிலும் தோலிலும் எலும்பிலும் இலக்கம் போட்டிருக்கிறதா என்று சாதி பேசியவர்களைக் கேட்டார் சிவவாக்கியர். மரபணு படித்தவனாகச் சொல்கிறேன், அவர் கேட்ட அந்த இலக்கம் எங்குமே இல்லை.

எல்லாவற்றையும்விடத் திருமூலர் கதைதான் என்னை உலுக்குகிறது. கயிலையிலிருந்து வந்த யோகி, சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்ற இடையரின் உடலுக்குள் புகுகிறார், பசுக்களின் துயரம் தீர. அவருடைய பழைய உடல் காணாமல் போகிறது. அதற்குப் பிறகு இருப்பது மூலனின் எலும்பு, மூலனின் மூளை, மூலனின் மரபணு. சக்தி மரபணுவில்தான் இருக்கிறது என்றால் அன்றோடு யோகம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே! மாடு மேய்த்தவரின் உடம்பிலேயே அது முழுசாக இருந்தது. அந்த உடம்போடுதான் 3,000 பாட்டு வந்தது. இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு உடம்பு பிறப்பால் வருவது, சக்தி முயற்சியால் வருவது என்பதில் சந்தேகமே இருந்திருக்கவில்லை.

அதற்காக மரபணுவை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. வைத்துக்கொள். காற்றை உணரும் புலன் பிறப்பால் வரட்டும், அதைக் கூப்பிடும் வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கட்டும். புலன் கொஞ்சமே உள்ளவள் கற்றுத் தேறட்டும். பெரியவர் அந்த வரியைச் சொல்லட்டும், ஆனால் கதை அவரை நம்ப வேண்டாம்.

அதற்கு ஆள் உன்னிடமே இருக்கிறாள். சக்தி இல்லை என்று வீட்டை விட்டு அனுப்பப்பட்ட அத்தையை மூன்றாம் அத்தியாயத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டாய். அவளை விட்டுவிடாதே, பாப்பா. எண்ணூரில் யாரோ ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டு வாழட்டும். மேலே சொன்ன கணக்குப்படி அவள் பிள்ளைக்குச் சக்தி வெளியே வரலாம். பெரியவர் 'வெளியாள்' என்று சொல்லும் அந்தப் பையன்தான் புயலன்று படகுகளைத் திருப்புகிறவன். அத்தைக்கு ரத்தம் தேவைப்பட்டு எந்த ஓ பையும் ஒத்துவராத காட்சி ஒன்றும் வைக்கலாம். எழுதுவதாக இருந்தால் போன் போடு, லேபில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வருவாய் அல்லவா, அதற்குள் நான்காம் அத்தியாயத்தை அனுப்பிவிடு. அத்தைக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி அம்மா இப்போதே கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா